உப்பு பிடித்த சுவிட்ச்

ஜூன் 9 நள்ளிரவில் கேரளத்தில் டிராலிங் தடை தொடங்கும். ஜூலை 31 வரை, 52 நாள். நீண்டகரையிலும் கொச்சியிலும் விசைப்படகு மெக்கானிக்குகளுக்கு அது ஆற அமர வேலை பார்க்கும் காலம். எஞ்சினைப் பிரித்து, கழுவி, பொறுமையாகப் பூட்டலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிலைமை தலைகீழ். தடை டிராலர்களுக்குத்தான், அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய வள்ளங்களுக்குக் கிடையாது. பருவமழையில் பூந்துறை, வலியதுறை, புதுக்குறிச்சி போன்ற திறந்த கரைகளில் அலையைத் தாண்டி வள்ளம் இறக்குவது பெரும்பாடு. அதனால் மாவட்டம் முழுவதிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் மீனவர்கள் எஞ்சினோடு விழிஞ்ஞத்துக்கு வந்துசேர்கிறார்கள். மற்ற மாதங்களில் கரைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் கோளாறுகள் அந்த இரண்டு மாதமும் ஒரே துறைமுகத்தில் குவியும்.

குவிவதில் ஒரு பங்கு குளச்சல்காரரிடம் போகும். அவருக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது, துறைமுகத்தில் அதை யாரும் சொல்வதில்லை. வயதில் மூத்தவர்களுக்குக் குளச்சல்காரர், இளையவர்களுக்கு ஆசான். பிஸ்டன், கிராங்க், கியர் வேலைக்கெல்லாம் வேறு ஆட்களைக் கைகாட்டிவிடுவார். கரண்டு சம்பந்தப்பட்டது மட்டும்தான் அவருடையது: காயில், சி.டி.ஐ. பெட்டி, வயரிங், எல்லாவற்றையும்விட அதிகமாக சுவிட்ச்.

வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினில் சுவிட்ச் என்று இருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற எஞ்சின் அது, பேட்டரி வேண்டாம். ஃபிளைவீலில் பதித்த காந்தம் சுற்றும்போது அதன் அடியில் உள்ள காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சி.டி.ஐ. பெட்டி அதை இருநூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்துச் சரியான கணத்தில் அவிழ்த்துவிட, பிளக்கில் பொறி விழுகிறது. இதை நிறுத்தத்தான் அந்தச் சிவப்புப் பட்டன். அழுத்தினால் சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஒரு வயர் எஞ்சின் உடம்போடு சேர்ந்து எர்த் ஆகும். தேங்கவேண்டிய மின்சாரம் வடிந்துவிடும், பொறி நின்றுவிடும்.

வீட்டு சுவிட்சில் தொடர்பு அறுந்தால் விளக்கு அணைகிறது. இங்கே தொடர்பு சேர்ந்தால்தான் எஞ்சின் அணைகிறது. இந்த வித்தியாசம் மனத்தில் ஏறாதவரை அவுட்போர்டு வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்பது குளச்சல்காரரின் கட்சி. வீட்டு வயரிங் தெரிந்த பையன்கள் ‘சுவிட்ச் போயிருக்கு, நேரடியா சேர்த்துவிடுவோம்’ என்று இரண்டு வயரையும் முறுக்கிவிட்டுப் போவார்களாம். அதன்பிறகு நாள் முழுக்கக் கயிறு இழுத்தாலும் எஞ்சின் முனகாது.

ஆக இந்த சுவிட்ச் கெடுவதற்கு இரண்டு வழி. உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறினால் தொடர்பு சேராது. எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் நிற்காது. சோக்கை இழுத்தோ எண்ணெய்க் குழாயைப் பிடுங்கியோதான் அணைக்க வேண்டும். இன்னொரு வழி இதைவிட மோசம். பட்டனின் ரப்பர் வெடித்து, உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தகடுகளுக்கு நடுவே நின்றுவிட்டால், யாரும் தொடாமலேயே பாதி எர்த் ஆகிவிடும். கரையில் சீராக ஓடிய எஞ்சின், நாலு அலை அடித்ததும் விக்கத் தொடங்கும். வெயிலில் காய்ந்தால் சரியாகும். மறுநாள் விக்கும். பிளக்கை மாற்றுவார்கள், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார்கள், கார்புரேட்டரைக் கழற்றிப் பாய் விரித்துப் பரப்புவார்கள்.

“பிளக்கு புதுசு ஆசானே, நேத்துதான் போட்டது.”

“பிளக்கு என்ன மக்களே பாவம் செய்தது? அத விடு. இந்த வயரக் கழத்து.”

கழற்றச் சொல்வது ஸ்டாப் பட்டனிலிருந்து சி.டி.ஐ.க்குப் போகிற வயரை. யமஹாவில் அது வெள்ளை நிறம். கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தால் பொறி பளிச்சென்று வருகிறதா? வழக்கு முடிந்தது, குற்றவாளி சுவிட்ச்தான். வரவில்லையா? சுவிட்ச் நிரபராதி, மேலே தேட வேண்டும். ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படாத இந்தச் சோதனையைத்தான் அவர் முதலில் செய்கிறார். அவிழ்ப்பதற்கு முன் அளப்பது, மாற்றுவதற்கு முன் விலக்கிப் பார்ப்பது என்ற இந்தப் பழக்கம், பின்னாளில் அவர் கண்டிராத ஒரு படகில், அவர் கண்டிராத ஒரு எஞ்சினில் கைகொடுத்தது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன் அவர் தொழில் கற்ற இடத்தைச் சொல்லிவிடலாம்.

முட்டம், கன்னியாகுமரி மாவட்டம். 80களின் தொடக்கத்தில் தென்கரையில் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் ஏற்ற பெருமரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்தது. கோட்டாறு சமூக சேவை சங்கமும், ‘சிறியதே அழகு’ எழுதிய ஷூமாக்கர் பிரிட்டனில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவும் சேர்ந்து, பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை ஃபைபர் கிளாஸும் பசையும் கொண்டு ஒட்டும் முறையை அங்கே கொண்டுவந்தன. அந்தப் பட்டறையோடு கிடந்து உழன்ற பியர் ஜில்லே 1985-ல் அந்த அனுபவத்தை நூலாக்கியபோது ‘சிறியது சிரமம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். ஷூமாக்கருக்கு நட்போடு ஒரு குட்டு. புதிய படகுகளின் பின்புறம் தட்டையான பலகை. அவுட்போர்டு எஞ்சினை அதில் கவ்வவைத்துத் திருகிவிடலாம். பிளைவுட்டும் எஞ்சினும் கைகோத்துக்கொண்டு கரையேறின. தச்சுப் பட்டறைக்கு வேலைக்குப் போன சிறுவன், பக்கத்தில் பிரித்துப் போட்டிருந்த எஞ்சினிடம் ஒட்டிக்கொண்டான்.

கேரளக் கரையில் யந்திரம் என்றால் பலருக்கு 1953-ல் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ–நார்வே திட்டம் நினைவுக்கு வரும். அது கொடுத்தது டீசல் விசைப்படகுகள். சிறு வள்ளக்காரர்களிடம் எஞ்சின் பரவியது முப்பது ஆண்டு கழித்து, ஜப்பானிய அவுட்போர்டுகள் வழியாக. திருவனந்தபுரம் கரமனையில் தலைமையகம் கொண்ட சிஃப்ஸ் கூட்டமைப்பு 1980-ல் பிறந்தது. அரசின் மத்ஸ்யஃபெட் 1984-ல். இரண்டுமே மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புகள். எஞ்சினும் அதன் பராமரிப்பும் இரண்டின் வேலைகளிலும் இடம்பெற்றன. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைப்பதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புகிற கைப்பழக்கம் அப்போது வந்ததுதான். திருப்ப மறந்தால் அடுத்த நாள் கார்புரேட்டர் பிடிவாதம் பிடிக்கும். ஸ்டாப் பட்டன் சரியாக வேலை செய்யாத வள்ளங்களில் எண்ணெய்க் குழாயைப் பிடுங்கி அணைப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் குழம்பிப்போகும் என்று குளச்சல்காரர் சலித்துக்கொள்வார்.

2017 நவம்பர் 30-ல் ஓக்கி புயல் இந்தக் கரையைச் சூறையாடிய பிறகு வள்ளங்களில் மின்சாதனங்கள் இன்னும் கூடின. ஜி.பி.எஸ்., மீன் பார்க்கும் எக்கோ சவுண்டர் ஏற்கெனவே இருந்தன. வயர்லெஸ், இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவி என்று பட்டியல் நீண்டது. கார் பேட்டரி ஒன்று, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் முகப்பில் வரிசையாக சுவிட்சுகள். பெட்டியின் மூடி எப்போதும் ஒரு பக்கம் உடைந்திருக்கும். வள்ளத்துக்கும் ‘பேனல்’ வந்துவிட்டது.

இனி பாய்மரப் படகு. கேரளத்தில் இந்த வார்த்தையைச் சொன்னதும் அபிலாஷ் டோமி முகம்தான் எல்லோருக்கும் தோன்றும். 2018-ல் கோல்டன் குளோப் பந்தயத்தின் நடுவே தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து கிடந்து மீட்கப்பட்டவர். அடுத்த பந்தயத்தில் ரஸ்லர் 36 ரகப் படகில் உலகைச் சுற்றி 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தவர். காற்றில் போகிற படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்கள் கொச்சித் துறைமுக வாய்க்காலை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கன்டெய்னர் கப்பல், குறுக்கே வைப்பின் ஜங்கார் படகு, ஓரத்தில் சீனவலை, அடியில் இழுக்கும் ஓதம். நடுவில் காற்று செத்துவிட்டால் பாய் வெறும் துணி. துறைமுகத்துக்குள் நுழையும் கடைசி ஒரு மணி நேரத்துக்காகவே பாய்மரப் படகின் வயிற்றில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் படுத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அது ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும்.

கொச்சி போல்காட்டித் தீவில் 2010-ல் திறக்கப்பட்ட மரினாவில் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து தங்குவதுண்டு. அப்படி வந்த ஒன்றின் சொந்தக்காரர்கள், பணி ஓய்வு பெற்ற ஒரு ஐரோப்பியத் தம்பதி, படகு எலெக்ட்ரீஷியன் தேட, தெரிந்தவர் மூலம் அழைப்பு விழிஞ்ஞம் வந்தது. குளச்சல்காரர் விடியற்காலை வேணாடு எக்ஸ்பிரஸில் ஏறினார். பையில் மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், கிரிம்பிங் கருவி, எமரி பேப்பர், ஒரு கொத்து லக், சாலைக் கடைவீதியில் வாங்கிய ஆட்டோமொபைல் ரிலே இரண்டு. ரிலேயை ஏன் எடுத்துவைத்தார் என்றால், போனில் கேட்ட அறிகுறியிலேயே பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அறிகுறி இதுதான். சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பஸ்ஸர் கத்துகிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ‘டக்’. அவ்வளவுதான். இன்னொரு முறை, ‘டக்’. சில நேரம் நாலாவது அழுத்தலில் செல்ஃப் அடித்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மழைநாளில் அதுவும் இல்லை. ஸ்டார்ட் பட்டன் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, வழியில் ஒரு துறைமுகத்தில் புதுப் பட்டன் போட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு அதே ‘டக்’. அடுத்த துறைமுகத்தில் அடுத்த பட்டன். குளச்சல்காரரை அழைத்ததும் இன்னொரு பட்டன் மாற்றத்தான். புதிய பட்டன் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மேஜைமேல் தயாராக இருந்தது.

எஞ்சின் யன்மார் 2ஜி.எம்., இரண்டு சிலிண்டர், 80களின் வார்ப்பு. எண்ணெய் தடவித் துடைத்த சாம்பல் உடம்பைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. பேனல் வேறு கதை. வெளியே, சுக்கான் பிடிப்பவரின் காலருகே, வெயிலும் சாரலும் நேரடியாக அடிக்கும் இடத்தில் அதை வைத்திருந்தார்கள். மேல்மூடிப் பிளாஸ்டிக் கண்புரை விழுந்தாற்போல் வெளுத்திருந்தது. சாவித் துவாரம், ஸ்டார்ட் பட்டன், ஆயில் பிரஷருக்கும் குளிர்நீர்ச் சூட்டுக்கும் விளக்குகள், ஒரு பஸ்ஸர். ஸ்டாப் பட்டனே இல்லை. டீசலுக்குப் பொறி தேவையில்லை என்பதால் மின்சாரத்தை அறுத்து அதை நிறுத்த முடியாது. ஒரு கேபிளை இழுத்தால் பம்பில் டீசல் தடைபட்டு எஞ்சின் மூச்சு நின்றுவிடும். ஸ்டாப் பட்டனே பிழைப்பாக இருந்த மனிதருக்கு இது ஒரு வேடிக்கை. வள்ளத்தில் நிறுத்தத்தான் மின்சாரம் வேண்டும். இங்கே கிளப்பத்தான் வேண்டும்.

பட்டனை அழுத்தும்போது என்ன நடக்கிறது? பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தடித்த கேபிள் நேராகப் போகிறது; நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் பாதை அது, பேனல் பக்கமே வராது. பேனலின் வேலை, மோட்டாரின் முதுகில் இருக்கும் சாலினாய்டுக்கு உத்தரவு அனுப்புவது. சாலினாய்டு தன் இரும்புத் தண்டை இழுத்துப் பற்சக்கரத்தை ஃபிளைவீலோடு கோத்து, தடித்த கேபிளின் தொடர்பை மூடுகிறது. உத்தரவு என்று சாதாரணமாகச் சொன்னாலும், தண்டை இழுக்கும் அந்தக் கணத்தில் அது முப்பது ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். அந்த முப்பது ஆம்பியரும் எஞ்சின் அறையிலிருந்து கிளம்பி, ஃபியூஸ் தாண்டி, பல ஊசி கொண்ட ஒரு பிளக் வழியாக, படகின் பின்புறம்வரை போய், சாவி சுவிட்சில் நுழைந்து, பட்டனைக் கடந்து, அதே பிளக் வழியாகத் திரும்பி வர வேண்டும். போக வர ஏழெட்டு மீட்டர் வயர். நடுவில் எத்தனை மூட்டு, எத்தனை தகடு! பாதையில் மொத்தமாகப் பத்தில் ஒரு ஓம் தடை கூடினால் போதும், முப்பது ஆம்பியருக்கு மூன்று வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஒன்பது வோல்ட்டில் சாலினாய்டு தண்டு அசையும், ‘டக்’ என்னும், முழுதாக இழுக்காது.

அவர் புதுப் பட்டனைத் தொடவில்லை. மல்டிமீட்டரின் ஒரு ஊசியை பேட்டரியின் பாசிட்டிவில் நிரந்தரமாகக் கவ்வவைத்தார். மற்ற ஊசியோடு பாதையில் ஒவ்வொரு மூட்டாக நகர்ந்தார். ஒவ்வொரு இடத்திலும் அம்மையாரிடம் கையைக் காட்டுவார். அவர் மேலே பட்டனை அழுத்துவார். ‘டக்’. மீட்டரில் தெரிவது, அந்த இடம்வரை தொலைந்த வோல்ட். இந்த அளவீட்டைப் பட்டன் அழுத்திய நிலையில்தான் எடுக்க வேண்டும், கரண்டு ஓடாதபோது களிம்பு ஏறிய மூட்டுகூட, எர்த்தோடு வைத்து அளந்தால், முழு பன்னிரண்டு வோல்ட்டைக் காட்டி நல்லபிள்ளையாக நிற்கும். டெஸ்ட் லாம்ப்பை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஃபியூஸ்வரை ஒன்றுமில்லை. பிளக்கைத் தாண்டியதும் அரை வோல்ட்டுக்கு மேல் எகிறியது. சாவி சுவிட்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்ததும் ஒன்றரை வோல்ட் போயிருந்தது. பட்டனின் இரு முனைக்கும் நடுவே மீட்டர் அசையவே இல்லை. திரும்பும் வழியில் பிளக் மறுபடி தன் பங்கை எடுத்துக்கொண்டது.

பட்டன் நிரபராதி. முந்தைய பட்டன்களும் அநேகமாக அப்படித்தான். அவற்றை மாற்றிய ஒவ்வொரு முறையும் பேனலைக் கழற்றி, வயர்களை அசைத்து, பிளக்கைப் பிடுங்கிச் செருகியிருப்பார்கள். அந்த உராய்வில் களிம்பு கொஞ்சம் சுரண்டுப்பட்டு எஞ்சின் சில வாரம் ஓடியிருக்கும். புகழ் புதுப் பட்டனுக்குப் போனது. மெக்கானிக் தொழிலில் பாதிப் பொய்த் தீர்ப்புகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

சாவி சுவிட்சைப் பிரித்தபோது உள்ளே தகட்டில் கரும்புள்ளிகள், ஓரத்தில் பச்சை. தேய்மானம் நிஜம்தான், அதை மாற்றியே ஆக வேண்டும். படகில் ஒரு அசல் மாற்று இருந்தது நல்லதாகப் போயிற்று. திருவனந்தபுரத்தில் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் விற்கிற சாவி சுவிட்ச் அளவில் பொருந்தும், விலையும் சல்லிசு. ஆனால் உள்ளே ஸ்பிரிங் சாதாரண எஃகு. மழைக்கு ஒதுங்கும் வண்டிக்கு அது போதும். கடல் சாரலில் ஒரு பருவமழை தாங்குவதே அதிகம் என்பது அவர் வள்ளங்களில் கண்ட பாடம்.

அடுத்து அந்தப் பிளக். அதை அவர் வெட்டியே எறிந்தார். படகுக்காரர் ஒரு கணம் முகம் சுளித்தார், கம்பெனி வைத்ததாயிற்றே. ஆனால் இந்த வகைப் பிளக்குகளுக்கு உலகெங்கும் கெட்ட பெயர் உண்டு. அமெரிக்காவின் கேட்டலினா படகுகளில் யூனிவர்சல் டீசல் எஞ்சினோடு வந்த வயரிங்கில் டிரெய்லருக்குப் பயன்படும் சாதாரணப் பிளக்கை வைத்திருந்தார்கள். ஆல்ட்டர்னேட்டரின் மொத்த மின்சாரமும் பேனலில் இருந்த அம்மீட்டர்வரை அந்தப் பிளக் வழியாகவே போய்த் திரும்பியது. களிம்பு ஏற, தடை கூட, பிளக் சூடேறி உருகிய படகுகள் பல. பின்னாளில் அந்தப் பிளக்கையும் அம்மீட்டரையும் ஒழித்துக்கட்டுவதற்கான வயரிங் தொகுப்பே கடைகளில் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலையில் எஞ்சினையும் பேனலையும் தனித்தனியாகக் கட்டி கடைசியில் ‘க்ளிக்’ என்று இணைக்கப் பிளக் வசதிதான். முப்பது ஆண்டு கடலில் கிடக்கப்போகும் படகுக்கு அந்த வசதி யாருக்கு வேண்டும்?

பிளக் இருந்த இடத்தில் வயர்களை நேரடியாக இணைத்தார். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், கிரிம்ப் செய்த லக், மேலே உள்பக்கம் பசை தடவிய ஸ்லீவ். பசை உருகி வெளியே துளி எட்டிப் பார்க்கும்வரை அதற்குச் சூடு காட்டினார். சால்டரிங் நம் ஊர் மெக்கானிக்குகளின் செல்லப்பிள்ளை. படகில் அது தனியாக நிற்காது. ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பில் முறியும். அமெரிக்கப் படகுத் தொழிலின் ஏ.பி.ஒய்.சி. தரவிதிகளும் இணைப்பின் பிடிமானத்துக்கு ஈயத்தை மட்டும் நம்பக் கூடாது என்கின்றன. குளச்சல்காரர் அந்த விதிகளைப் படித்ததில்லை. முறிந்த வயர்களைப் பார்த்திருக்கிறார்.

கடைசியாக ரிலே. அதை எஞ்சின் அறையிலேயே, அடித்தண்ணீர் தொடாத உயரத்தில் பலகையில் திருகினார். தடித்த வயர் ஒன்று ஸ்டார்ட்டரின் பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கு, அங்கிருந்து ஒரு சாண் தள்ளி சாலினாய்டுக்கு. சாலினாய்டின் முப்பது ஆம்பியர் இனி அந்தச் சின்னச் சுற்றுக்குள்ளேயே ஓடும். பேனலிலிருந்து வருவது ரிலேயின் காயிலை எழுப்புகிற மின்சாரம் மட்டும், கால் ஆம்பியருக்கும் கீழே. அதே பத்தில் ஒரு ஓம் தடை மறுபடி வந்தாலும் இழப்பு ஒரு வோல்ட்டின் நாற்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. பட்டனும் சாவியும் களிம்பு பிடித்துக் கிழடானாலும் எஞ்சின் கிளம்பும். இரண்டு வயர், ஒரு ஃபியூஸ், ஆட்டோ கடையில் கிடைக்கும் ஒரு கருப்புப் பெட்டி. கம்பெனி ஏன் முதலிலேயே இதைச் செய்யவில்லை என்று அம்மையார் கேட்டார். படகு புதிதாக இருக்கும்போது தேவைப்படாது, பழசாகும்போது கம்பெனி அக்கறைப்படாது என்று அவர் சொன்ன பதில், மொழிபெயர்த்தவர் வாயில் எப்படிப் போனதோ தெரியாது, சிரித்தார்களாம்.

பட்டனை அழுத்தினார்கள். செல்ஃப் பாய்ந்து அடித்தது. ஓடிக்கொண்டிருந்தபோது படகுக்காரருக்கு ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் மெயின் சுவிட்சை ஒருபோதும் திருகி அணைக்காதே. ஆல்ட்டர்னேட்டர் கக்கும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் எகிறி டயோடுகள் வெடித்துவிடும். முதலில் கேபிளை இழு, எஞ்சின் நிற்கட்டும், பஸ்ஸர் கத்தட்டும், பிறகு சாவி. கத்தல் எரிச்சலாக இருக்கிறதே என்று முதலில் சாவியை அணைப்பவர்கள், ஆயில் பிரஷர் விழுந்தால் எச்சரிக்கும் ஒரே குரலை வாயடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள். மேஜைமேல் இருந்த புதுப் பட்டனை உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். கூலி பேசியது பட்டன் மாற்ற. பட்டனைத் தவிர எல்லாம் மாறியிருந்தது.

இதெல்லாம் உப்பின் வேலை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எப்படி என்பதுதான் சுவாரசியம். நம் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீர்த்துப் போகும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு முப்பத்து மூன்று சதவீத ஈரமே போதும். திருவனந்தபுரம் கரையில் கோடையிலும் ஈரம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே சுவிட்சுக்குள் ஒருமுறை சாரல் புகுந்தால், வெயிலில் வைத்தாலும் அது முழுதாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகத் தகட்டின்மேல் உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை செய்யும். பித்தளை, செம்பு, ஈயம், எஃகு என்று வெவ்வேறு உலோகங்கள் அந்த ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. மட்டமான உலோகம் கரையும். இதற்கு மருந்து நல்லதண்ணீர்தான். முதலில் கழுவி உப்பை எடுக்க வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், அதன்பிறகே டபிள்யூ.டி.-40, கிரீஸ் எல்லாம். கழுவாமல் கிரீஸ் பூசுகிறவர்கள் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். வள்ளத்திலோ குடிதண்ணீரே கணக்காகத்தான் போகும். அதில் கால் லிட்டரை ஒரு பட்டனுக்கு ஊற்று என்றால் எந்தத் தண்டல்காரன் கேட்பான்?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மட்டும் எஞ்சின்கள் நல்லதண்ணீரில் ஓடின. விழிஞ்ஞம், பூந்துறை என்று கரைகளிலிருந்து வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் ஆறன்முளைக்கும் மீனவர்கள் கிளம்பிய இரவில், லாரியின்மேல் ஏறி நின்றே குளச்சல்காரர் ஸ்டாப் பட்டன்களைச் சோதித்தார். கேட்டுக்கும் மதிலுக்கும் நடுவே, கழுத்தளவு நீரில் ஆட்கள் நிற்கும் தெருவில், புரொப்பல்லர் சுழலும் வள்ளம் போகிறது. பட்டன் அழுத்திய கணத்தில் நிற்காத எஞ்சினை அங்கே அனுப்பக் கூடாது.

அந்தப் பட்டனோடு வருகிற இன்னொன்றைப் பற்றித்தான் அவருக்கும் வள்ளக்காரர்களுக்கும் தீராத தகராறு. புதிய எஞ்சின்களில் பட்டனின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் கவ்வியிருக்கும். அதிலிருந்து ஒரு சுருள் கயிறு. மறுமுனையை எஞ்சின் பிடிப்பவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தூக்கி எறியப்பட்டால் கிளிப் கழன்று, ஸ்பிரிங் தகடுகளை மூடி, எஞ்சின் எர்த் ஆகி நின்றுவிடும். ஆளில்லாத வள்ளம் முழு வேகத்தில் வட்டமடித்துத் திரும்பி, நீரில் கிடப்பவர்மீதே புரொப்பல்லரை ஏற்றாமல் இருக்க ஏற்பட்ட வழி. இந்தக் கரையில் அந்தக் கயிற்றை மணிக்கட்டில் பார்ப்பது அரிது. எஞ்சின் மூடியின் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

சோம்பல் என்று தள்ளிவிட முடியாது, அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பெருமாதுறைக்கு அருகே முதலப்பொழி முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கடலில் கல் கொட்டிக் கட்டிய இரண்டு புலிமுட்டுகளுக்கு நடுவே மணல் மேடிட்டு, அலை மடிந்து எழும் இடம். ஆண்டுதோறும் வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போகின்றன. அதைத் தாண்டுகிறவர் அலையின் முதுகில் ஏறி, எஞ்சினை ஒரு நொடியும் தளரவிடாமல் உள்ளே வர வேண்டும். அங்கே வலையோ முழங்கையோ பட்டுக் கயிறு தெறித்து எஞ்சின் நின்றால், பின்னால் வரும் அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிப் பாறைமேல் போடும்.

“நின்னா சாவு ஆசானே, நிக்காட்டியும் சாவுன்னா எதுக்குக் கயிறு?” என்று ஒரு பொழியூர்க்காரர் கேட்டாராம்.

குளச்சல்காரர் வாதத்தை விட்டுவிட்டார். இப்போது ஸ்டாப் சுவிட்ச் மாற்றும் ஒவ்வொரு வள்ளத்திலும் கூடவே ஒரு கிளிப்பையும் விற்கிறார். கயிற்றை மாட்டிக்கொண்டவர் கடலில் விழுந்தால் கிளிப்பும் அவரோடு போய்விடும். வள்ளத்தில் மிஞ்சியவர்கள் எஞ்சினை மறுபடி கிளப்பி அவரைத் தூக்க வேண்டுமென்றால் கையருகே இன்னொரு கிளிப் வேண்டும். அதை நைலான் நூலில் கோத்து, பெட்ரோல் கேனின் கைப்பிடியில் தாமே கட்டிவிடுகிறார். சிவப்பு நிறம், இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும் இடம். கிளிப்பின் விலையைத் தனியாகச் சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று சுவிட்சின் விலையிலேயே சேர்த்துவிட்டார்.